பங்கு வாங்குகிறவர் யாருக்குக் கூட்டாளி?

வியாபாரிகளாகிய நமக்குப் ‘பங்கு’ என்ற சொல் புதியதன்று. முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது, லாபத்தில் இருவருக்கும் இன்ன விகிதம் என்று பேசி, பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்டு கடை திறந்த சமூகம் நம்முடையது. கித்தாபுகள் இதற்கு முளாரபா என்று பெயர் சொல்லும். இருவருமே முதல் போட்டால் முஷாரகா. அந்தப் பெயர்களைக் கேள்விப்படாதவர்களும் அந்த முறையிலேதான் கடல் கடந்து வந்து தொழில் செய்தார்கள். கூட்டாளியின் முகம் தெரியும். அவர் வீட்டு நல்லது கெட்டது தெரியும். பள்ளிவாசலில் எந்த ஸப்பில் நிற்பார் என்பதுகூடத் தெரியும்.

இப்பொழுது நம்மிடையே பேச்சாயிருக்கும் பங்கு அப்படிப்பட்டதன்று. கைப்பேசியைத் தட்டினால் வாங்கலாம். மறுபடி தட்டினால் விற்கலாம். கூட்டாளி யார், பேரேடு எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவேண்டியதில்லை. இந்தப் பங்கும் அந்தப் பங்கும் ஒன்றுதானா? பெயர் ஒன்றாயிருப்பதனால் ஹுக்மும் ஒன்றாகிவிடுமா?

இந்தக் கேள்வி கித்தாபிலிருந்து பிறக்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் பிறந்தது. மாசாயில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரை எல்லோரும் ஹாஜியார் என்றே அழைப்பார்கள். காலை வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் பாசிர் கூடாங்கில் வெல்டிங், பிட்டர், கிரேன் வேலைக்குப் போகிறவர்கள். பட்டறையில் வேலை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பத்திரிகையில் செய்தி வருமுன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஆறரை மணிக்குள் ரொட்டி மாவு தீர்ந்துவிட்டால் புதிய ஆர்டர் வந்திருக்கிறது. எட்டு மணிக்கும் மாவு மிஞ்சிக் கிடந்தால் ஒப்பந்த ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். (இந்தக் கணக்குக்கு ஈடாக எந்தப் பங்குத் தரகரும் சொன்னதை நாம் கேட்டதில்லை.) அவர் நம்மிடம் கேட்டார்: “இத்தனை வருஷமாக அந்தப் பட்டறை ஆட்களுடைய காசில்தான் என் கல்லா நிறைகிறது. இப்போது மகன், ‘அத்தா, அந்த மாதிரிக் கம்பெனிகளுடைய பங்கை வாங்கிப் போடுங்கள்’ என்கிறான். ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.”

ஒரே வார்த்தையில் சொல்ல நம்மால் இயலவில்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பாசிர் கூடாங்கில் 1973-இல் மலேசியா ஷிப்யார்ட் அண்ட் எஞ்சினியரிங் என்ற பெயரில் ஒரு கப்பல் பட்டறை தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் மலேசியா மரைன் அண்ட் ஹெவி எஞ்சினியரிங் என்று பெயர் பெற்றது. கப்பல்களைப் பழுது பார்ப்பதோடு, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளையும் அங்கே கட்டினார்கள். சபாவின் ஆழ்கடலில் உள்ள குமுசுட்-காக்காப் எண்ணெய் வயலுக்கான மிதக்கும் மேடை இங்கேதான் உருவாகி 2013-இல் கடலேறிற்று. அதன் மேல்தளம் மட்டும் சுமார் 23,000 டன். அதனை ஒரே தூக்காகத் தூக்கி அடிப்பகுதியின்மேல் அமர்த்தினார்கள்.

இத்தகைய தொழிலில் மார்க்கத்திற்கு முரணானது என்ன இருக்கிறது? மதுவில்லை, சூதில்லை. நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூது நபி (அலை) அவர்கள் இரும்பைக் கொண்டு கவசம் செய்தார்கள். இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கூலி வாங்குவது சுத்தமான சம்பாத்தியம் என்பதில் எந்த ஆலிமுக்கும் கருத்து வேற்றுமை இராது. சந்தேகம் இரும்பில் இல்லை. இரும்பை வாங்கிய பணத்தில் இருக்கிறது.

பொறியியல் தொழில் பெருமுதல் விழுங்கும் தொழில். ஒரு கிரேன் வாங்கும் பணத்தில் நம் கடைத்தெருவையே வாங்கிவிடலாம். ஆர்டர் கிடைத்து, வேலை முடிந்து, பணம் கைக்கு வர இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். அதுவரை கூலி கொடுக்கவேண்டும், இரும்புக்குக் கொடுக்கவேண்டும். எனவே பெரும்பாலான கம்பெனிகள் பாங்கியிலே கடன் வாங்குகின்றன. அந்தக் கடனில் வட்டிக் கடனும் இருக்கிறது. கையில் மிஞ்சிய பணத்தைப் பாங்கியில் போட்டு, அதற்கு வட்டி வாங்குகிற கம்பெனிகளும் உண்டு.

இங்கேதான் உலமாக்கள் இரு பிரிவாக நின்றார்கள். 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், தொழில் ஹலாலாயிருந்தாலும் அவ்வப்போது வட்டியில் ஈடுபடும் கம்பெனியின் பங்கு, அடிப்படையில் ஆகாது என்றே தீர்மானம் செய்தது. நம் நாட்டிலோ, பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 1997 ஜூனில் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் கம்பெனியின் தொழில் என்ன என்பதையே பிரதானமாகப் பார்த்தார்கள். எவ்வளவு வட்டிக் கடன் என்று அளக்கும் அளவுகோல் அதில் இல்லை. 2013 நவம்பரிலிருந்துதான் அந்த அளவுகோல் அமலுக்கு வந்தது: வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் நூற்றுக்கு 33-க்குக் குறைவாயிருக்க வேண்டும், வட்டி பாங்கிகளில் போட்டிருக்கும் ரொக்கமும் அப்படியே. வட்டி, மது, சூது முதலியவற்றினின்று வரும் வருமானம் நூற்றுக்கு 5-க்குள். வேறு சில வகைகளுக்கு 20-க்குள். வருஷத்துக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும், பட்டியல் திருத்தி வெளியிடப்படுகிறது.

அந்த 2013 நவம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பட்டியலினின்று நீங்கின. ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கம்பெனிகளில் பல முந்தின நாள் செய்துவந்த தொழிலையே மறுநாளும் செய்துகொண்டிருந்தன. கம்பெனி மாறவில்லை, அளவுகோல் மாறிற்று. பட்டியல் பிழை என்று சொல்ல நாம் வரவில்லை. மார்க்கமும் கணக்கும் அறிந்தவர்கள் உட்கார்ந்து, சந்தைக்குள் நுழைந்துவிட்ட முஸ்லிம்களுக்கு ஒரு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயின் வேலி போட்டவர்கள் அதை நகர்த்தவும் செய்கிறார்கள். அதாவது, அது மனிதர் ஆராய்ந்து வகுத்த அளவு. வானத்திலிருந்து இறங்கிய அளவன்று.

ஏன் மூன்றிலொன்று? இதற்கு உலமாக்கள் பலர் எடுத்துக்காட்டுவது வஸிய்யத்தைப் பற்றிய ஒரு ஹதீஸை. ஸஹது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் சொத்தில் எவ்வளவை தர்மத்துக்கு எழுதிவைக்கலாம் என்று கேட்க, மூன்றிலொன்றுக்கு மேல் வேண்டாம், அதுவே அதிகந்தான் என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். தர்மத்துக்குச் சொன்ன அந்த எல்லையை வட்டிக் கடனுக்கு எடுத்து வந்தது எவ்வளவு தூரம் பொருந்தும்? பேணுதலுள்ள ஒருவர் இப்படிக் கேட்டால் அவரைப் பிற்போக்குக்காரர் என்று கேலி செய்யும் வழக்கம் நம் இளைஞர்களிடம் வந்துவிட்டது. அது தவறு. அவர் கேட்பது நியாயமான கேள்வி.

நம் அபிப்பிராயம் இது. அனுமதி உண்மையானது. ஆனால் அது ருக்ஸத். பயணி தொழுகையைச் சுருக்கித் தொழுவது போல, நிலைமையை முன்னிட்டுத் தரப்பட்ட சலுகை. சலுகையை எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டதை மறந்துவிடக் கூடாது. “பட்டியலில் இருக்கிறது, பிறகென்ன?” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவர், மறந்துவிட்டவர்.

ஹாஜியாரையே எடுத்துக்கொள்வோம். இருபது வருஷத்துக்கு முன் பக்கத்துக் கடையையும் சேர்த்துக் கட்ட ஆசைப்பட்டார். பாங்கிக்காரர் தேடிவந்து கடன் கொடுப்பதாகச் சொன்னார். வட்டி என்பதனால் மறுத்துவிட்டார். அந்தக் கடை வேறொருவர் கைக்குப் போயிற்று. இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது அவர் மனம் கொஞ்சம் நோகத்தான் செய்யும். அப்படிப்பட்டவர் இப்போது ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால், தாம் வாங்க மறுத்த அதே வட்டிக் கடனை வேறு சிலர் அவர் சார்பில் வாங்குகிறார்கள். கடையில் ஒரு கூட்டாளி நம்மைக் கேட்காமல் வட்டிக்கு வாங்கினால் விட்டுவிடுவோமா? கம்பெனியில் மட்டும் ஏன் விடுகிறோம்?

இதற்கு ஒரு பதில் உண்டு. “ஆயிரம் பங்கு வைத்திருக்கிற என் பேச்சு அங்கே எடுபடுமா? நாம் சொன்ன கம்பெனியைத்தான் பாருங்களேன். 2010-இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோதும் பெரும்பங்கு எம்.ஐ.எஸ்.சி. கப்பல் கம்பெனியின் கையிலேயே இருந்தது. நான் கூவினால் யார் கேட்பார்?” உண்மைதான். ஆனால் இந்தப் பதில் இரு பக்கமும் வெட்டும். பேச்சு எடுபடாததால் பொறுப்பு இல்லை என்றால், கூட்டாளி என்ற பெயரும் இல்லை. கூட்டாளி இல்லையென்றால் எந்த உரிமையில் லாபம் வாங்குகிறோம்? லாபத்துக்குக் கூட்டாளி, கடனுக்கு அந்நியன் என்று ஒருவர் சொன்னால் நம் பழைய கடைத்தெருப் பஞ்சாயத்தில் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆகவே, வாங்குகிறவர் கூட்டாளியாகவே வாங்கவேண்டும் என்கிறோம். அதற்கு என்ன பொருள்? பங்குக் கம்பெனி என்றால் என்னவென்று நம் பக்கத்து மக்கள் பலருக்கு முதன்முதலில் காட்டிய ஒரு சம்பவம் உண்டு. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய்; மொத்தம் 40,000 பங்குகள்; முதல் பத்து லட்சம். அதில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, ஒரே ஆளாக வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். ஐந்திலொரு பங்கு! அந்தப் பணத்தோடு சேர்ந்துதான் காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்; 1911-க்குள் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு அது லாபமான முதலீடாக அமையவில்லை. என்றாலும் அன்று பங்கு வாங்கியவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது. கப்பல் வாங்கினார், அந்தக் கப்பல் யாரை எதிர்த்து ஓடப்போகிறது என்பதும் தெரிந்துதான் வாங்கினார்.

இன்று பங்கு வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாம் வாங்கியது கிரேனா, கப்பல் துறையா, வெறும் விலைப்புள்ளியா என்று தெரியும்? பாசிர் கூடாங் பட்டறையின் பங்கு 2010 அக்டோபர் 29-இல் சந்தைக்கு வந்தது. பொதுமக்களுக்கு விலை 3 வெள்ளி 61 காசு. மறு ஆண்டில் அதன் இருமடங்குக்கும் மேலே ஏறிற்று. அப்பொழுது நம் கடைகளில் தேநீர் குடித்தவர்கள் எல்லோரும் நிபுணர்கள். 2014-இன் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பது டாலருக்குக் கீழே வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் மேடை கட்டுவதை நிறுத்தினால் மேடை கட்டுகிற பட்டறைக்கு என்ன வேலை? 2020-இல் அந்தப் பங்கு ஒரு வெள்ளிக்கும் கீழே கிடந்தது. இதில் மோசடியும் இல்லை, ஹராமும் இல்லை. தொழிலுக்கு வரும் ஏற்றத்தாழ்வு. ஆனால் உச்ச விலையில் வாங்கியவர்களில் பலர் மேடை எதற்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டவர்களல்லர். விலை ஏறுகிறது என்று வாங்கினார்கள். ஹலாலான பங்கை வாங்கியும் அவர்கள் செய்தது வியாபாரம்தானா என்பது நமக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. பணம் கட்டாமல் காலையில் வாங்கி, தம் பெயருக்கு மாறுமுன்பே மாலையில் விற்று வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் ‘கான்ட்ரா’ முறையைப் பற்றி நாம் சொல்லவே வேண்டாம். கைக்கு வராத சரக்கை விற்காதே என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம்.

பட்டியலில் இருப்பது லாபத்துக்கு ஜாமீன் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தாபோங் ஹாஜி இதற்குச் சாட்சி. வட்டி கலவாமல் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க வழி செய்யவேண்டும் என்று 1959-இல் உங்கு அப்துல் அஜீஸ் அவர்கள் எழுதிய யோசனையிலிருந்து பிறந்து, 1963-இல் வேலை தொடங்கிய சேமிப்பு நிலையம் அது. அதன் பணம் பங்குகளிலும் நிலங்களிலும் போடப்பட்டது. 2018 இறுதியில், மதிப்புக் குறைந்த சொத்துகளை 1,990 கோடி வெள்ளிக்கு அரசாங்கத்தின் தனிக் கம்பெனி ஒன்று ஏற்றுக்கொள்ள வேண்டிவந்தது. ஹாஜிகளின் பணமே அப்படியென்றால் நம் பணம் எம்மாத்திரம்?

வட்டிக் கடனைப் பற்றிய நம் பயம் மார்க்கப் பயம் மட்டுமன்று, வியாபாரப் பயமுங்கூட. கே.என்.எம். என்ற மலேசியக் கம்பெனி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கான கொப்பரைகளும் அழுத்தக் கலன்களும் செய்து நன்றாக வளர்ந்தது. 2008-இல், 1837-இல் பெர்லினில் இயந்திரப் பட்டறையாகத் தொடங்கிய போர்சிக் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் கம்பெனியை 35 கோடி யூரோவுக்கு வாங்கிற்று. நம் நாட்டுக் கம்பெனி ஜெர்மன்காரரை வாங்கியது பற்றிப் பலரும் பெருமைப்பட்டார்கள். அதே ஆண்டில் உலகப் பண நெருக்கடி வந்தது. போர்சிக் நல்ல சொத்துதான், வேலைத்திறமையிலும் குறையில்லை. கடன் மட்டும் கூடவே வந்தது. 2021-இல் தாய்லாந்தில் வெளியிட்ட கடன் பத்திரங்களைத் தவணையில் தீர்க்க முடியவில்லை. 2022 அக்டோபரில் சந்தையின் நலிவுற்ற கம்பெனிகளுக்கான பி.என்.17 பிரிவில் சேர்க்கப்பட்டது. கைத்தொழில் தெரிந்தவனையும் கடன் எப்படி முடக்கும் என்பதற்காக இதைச் சொன்னோம். ஆண்டறிக்கையைத் திறக்கிறவர்கள் முதலில் லாபப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். கடன் பக்கத்தை முதலில் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் பேசவேண்டும். “பங்குச் சந்தையா? அஸ்தஃபிருல்லாஹ்!” என்று காதைப் பொத்திக்கொள்கிற சிலர் கடையிலே பாங்கி ஓவர்டிராப்ட் ஓடுகிறது. வாங்குகிற வண்டிக்கு வட்டித் தவணை. அது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படிப்பட்டவர்களைவிட, பட்டியலைப் பார்த்து, கடன் விகிதத்தைப் பார்த்து, வந்த லாபத்தில் வட்டி கலந்த பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு அதை நன்மை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் இளைஞன் நூறு மடங்கு பேணுதலுள்ளவன். பல உலமாக்கள் அப்படிக் கழித்துவிடச் சொல்கிறார்கள். நூறு வெள்ளி லாபப் பங்கு வந்து, கம்பெனியின் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு வட்டி வழியாக வந்ததென்றால், இரண்டு வெள்ளி. சிறிய தொகைதான், ஆனால் அந்தக் கணக்கைப் போடுகிற கை மறக்காத கை. ஜகாத்தையும் மறக்கலாகாது. விற்பதற்கென்றே வாங்கிய பங்கு, கடையில் அடுக்கிய சரக்கைப் போன்றது. வருஷம் திரும்பினால் அன்றைய விலையில் நூற்றுக்கு இரண்டரை.

மாசாய்வாசிகளாகிய நாம் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. எந்தப் பட்டியலிலும் அதற்குக் கட்டமில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடிரவாகக் கொட்டிய ரசாயனக் கழிவினால் பிள்ளைகள் வகுப்பிலேயே மூச்சுத் திணறி விழுந்தார்கள். பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடினார்கள். அந்த நாற்றம் நம் மூக்குக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது பொறியியல் கம்பெனி செய்த காரியமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆலைகளின் பங்கு வாங்க நினைக்கிறவர், கழிவு எங்கே போகிறது, ஒப்பந்தக் கூலிக்கு வந்த வங்காளதேசத்துப் பையனுக்குச் சம்பளம் நேரத்தில் கிடைக்கிறதா என்று கேட்டறிய உரிமை உடையவர். கடன் விகிதம் 32 ஆக இருந்து, கூலிக்காரனின் வியர்வை உலர்ந்தும் கூலி கிடைக்காத கம்பெனியின் லாபத்தை மனமொப்பி உண்ணலாமா? இதை ஹாஜியார் வேறெங்கும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. அவருடைய கடை மேசையிலேயே விடை உட்கார்ந்திருக்கிறது. கடன் சொல்லிச் சாப்பிடுகிறவன் எந்தக் கம்பெனி ஆள் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் ஜமாஅத்திலேயே தொழிற்கல்வி படித்துவிட்டு, லேத் ஒன்று போட்டு பட்டறை வைக்க முதலுக்கு அலைந்த பையன்கள் உண்டு. கேட்டபோது நம்மிடம் பணமில்லை. அதே வாரம் கைப்பேசியில் பங்கு வாங்கப் பணமிருந்தது. பட்டறையில் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது என்பது காரணம், நமக்கும் புரிகிறது. ஆனாலும் நம் பாட்டன்மார் அறிந்த முளாரபாவுக்கு அந்த லேத் பட்டறைதான் மிக நெருங்கிய சொந்தம். கம்பெனிப் பங்கு தூரத்து உறவு.

ஹாஜியாரிடம் இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “ஒரு வார்த்தை கேட்டால் ஒரு பயான் நடத்திவிட்டீர்களே” என்று சிரித்தார். அடுத்த முறை போனபோது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டறிக்கையின் அச்சுப்படி கிடந்தது. மகன் ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்ல, இவர் பென்சிலால் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொண்டிருந்தார். கடன்களைப் பற்றிய குறிப்பில் நின்றிருக்கிறார்கள். இஸ்லாமியக் கடன் எவ்வளவு, வட்டிக் கடன் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும் இடம் அது. வாங்குவதா இல்லையா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த லேத் பையனை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் கடைக்கு வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னார்.